நாம் வாழும் ஊரை நாமும் சேர்ந்து அமைப்போம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



வீடு கட்டும்போது வாசல் எந்தப் பக்கம், அடுப்படி எங்கே என்று வீட்டில் எல்லாரையும் கேட்கிறோம். ஊரைக் கட்டும்போது மட்டும், "அது துரைமார் வேலை, நமக்கென்ன?" என்று இருந்துவிடுகிறோம். இது சரிதானா?

நம் நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. ஆனாலும் பேச வழி இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஓர் இடத்தின் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்; ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். சாலை, திடல், குடியிருப்பு எல்லாம் அந்த வரைபடத்தில்தான் முடிவாகின்றன. நம்ம கோயிலும் பள்ளியும் அதில் இருக்கிறதா என்று நாம் பார்க்காமல் யார் பார்ப்பது?

தலைநகரில் நடந்ததைக் கேளுங்கள். புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்ட பின், தொழிலாளர்கள் 1980-களில் தற்காலிக லயங்களுக்கு மாறினார்கள். நிரந்தர வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்தார்கள். பிறகு, பூங்கா நிலத்தில் சொகுசு அடுக்குமாடிகளும் அவர்களுக்கு வீடுகளும் கட்ட ஒரு திட்டம் வந்தது. நகரத் திட்டத்தில் அது பூங்கா என்று குறிக்கப்பட்ட இடம். சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் 2017-இல் நீதிமன்றம் சென்றார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

பூங்கா கேட்டவர்களிடம் நியாயம் இருந்தது. வீடு கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது. இரு சாராரையும் முதலிலேயே ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டிருந்தால் இவ்வளவு இழுபறி வந்திருக்குமா?

பெற்றோர்களே! நம் தோட்டமும் ஒரு நாள் கைமாறி வீடமைப்புப் பகுதியாகலாம். ஆகவே நகராண்மைக் கழக அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். அறிவிப்பு மலாய் மொழியில் இருக்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியதைத் தவணைக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து எழுதினால் இன்னும் பலம்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கிய படிப்பு அப்பா அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கவும் உதவட்டும். கேட்காத வாய்க்குச் சோறு கிடைக்காது. பேசாத ஊருக்குத் திடலும் கிடைக்காது.