பார்த்தவரும் கண்டவரும்



நிந்தவூருக்குக் கடல் கிழக்கே, வயல் மேற்கே. ரமழான் 29ஆம் நாள் மஃரிபு தொழுகை முடிந்ததும் ஊர்ச்சனம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயல் பக்கம் திரும்பி நிற்கும். தலைப்பிறை சூரியன் விழுந்த திசையில்தான் தெரியும், அதுவும் கொஞ்ச நேரம்தான். பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர். கண்டவர் ஒருவரோ இருவரோ. கொழும்புப் பெரிய பள்ளிவாசலுக்குப் போகும் சாட்சியும் பிறை கண்டவரின் சாட்சிதான். மற்றவர்கள் "பாத்தம், காணல்ல" என்று வீடு திரும்புவார்கள். யாரும் காணாவிட்டால் நோன்பு முப்பதாகும்.

பார்ப்பது நம் கையில் இருக்கிறது. காண்பது அப்படியல்ல, கிட்டினால்தான் உண்டு. கனவைக் 'காண்கிறோம்' என்பதும் அதனால்தான்.   

இந்தக் 'காண்' என்ற சொல் நம் சாப்பாட்டுச் சஹன் தட்டுக்கும் வந்திருக்கிறது. மாமி இன்னோர் அகப்பைச் சோறு போட வந்தால் கையால் மறைத்து, "காணும் மாமி, காணும்" என்கிறோம். சென்னையில் இருந்து வந்தவர் இதைக் கேட்டால், எது எங்கே காணும் என்று விழிப்பார். ஆனால் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்தாருக்கு விளங்கும். அங்கே போதாததைக் 'காணாது' என்பார்கள். எனவே இதைக் கொச்சை என்று பிள்ளைகளைத் திருத்தப் போகாதீர்கள். தேவைக்கு எட்டியது காணும், எட்டாதது காணாது. பிறைக்குச் சொன்ன அதே கணக்குத்தான்.

இதே சொல் கனத்துப்போகும் இடமும் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் இந்தக் கரையில் ஏறியபோது கொண்டுபோனவர்களில் உடல்கூடக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் 'காணாமல் போனவர்கள்' என்கிறோம், சரிதான். ஆனால் வீட்டு வாசலில் இருந்து ஆயுதக்காரர் ஏற்றிப்போனவர்களையும், 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறித்து இறக்கப்பட்ட முஸ்லிம் பயணிகளையும் அதே சொல்லால் குறிக்கலாமா? அவர்கள் தாமாக எங்கும் போகவில்லை.

இவர்களைத் தேடுவதற்கென 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரச அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் 'காணாமற்போன' என்றுதான் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் படத்தை ஏந்தித் தெருவோரம் குந்தியிருக்கும் தாய்மார் 'காணாமல் ஆக்கப்பட்டவர்கள்' என்கிறார்கள். ஆக்கியவர் ஒருவர் உண்டு என்பதை அந்தச் சொல் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

தாய்மார் சொல்வதுதான் சரியான தமிழ். செய்தி எழுதுகிறவர்களும், என்னைப் போல ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காருகிறவர்களும் அதையே சொல்லப் பழக வேண்டும்.