டென்மார்க் பெயர், தமிழ் மேசன் கை



கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேறும் காலம் வந்தால் சவளக்கடையிலிருந்தும் சனம் கிட்டங்கியைக் கடந்து போகும். கொடி ஏறுவது நாகூர் ஆண்டகையின் பெயரில். அந்த நாகூருக்கே ஸியாரத்துக்குப் போய் வருகிறவர்களும் நம்மிடையே உண்டு. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பல் தொடங்கிய பிறகு, அது விட்டு விட்டு ஓடினாலும், போக நினைப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு பகலை ஒதுக்கி, நாகூரிலிருந்து வடக்கே காரைக்காலைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். ஒரு மணித்தியாலப் பயணம்தான். தரங்கம்பாடி என்று ஒரு கடற்கரை ஊர். டென்மார்க்காரர் வந்து குடியேறிய ஊர்.

அவர்கள் முதலில் வந்தது நம் பக்கத்துக்குத்தான். ஓவெ யெட்டெ என்ற இளம் தளபதி 1620 இல் இலங்கைக்கு வந்து, கண்டி அரசன் செனரத்தோடு பேசி, திருகோணமலையில் கோட்டை கட்டவும் தொடங்கினார். காரியம் கைகூடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியைக் கொடுத்தார். அங்கே எழுந்ததுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. கணக்குச் சற்று மாறியிருந்தால் இன்று சுற்றுலாக்காரர் டேனிஷ் கோட்டை பார்க்கத் திருகோணமலைக்கு வந்துகொண்டிருப்பார்கள்!

1706 இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் அங்கே வந்திறங்கி, தமிழில் அச்சுப் போட்ட கதை பலருக்கும் தெரியும். 1845 இல் டென்மார்க் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. வரலாறு அவ்வளவு போதும். நான் பேச வந்தது அந்தக் கட்டடங்களின் சுவரைப் பற்றி.

1792 இல் கட்டிய வெள்ளை நகர வாசலுக்குள் நுழைந்தால் கடலை நோக்கி நேராக ஓடுகிறது ராஜவீதி. தூண்கள், முக்கோண முகப்புகள், பெரிய யன்னல்கள் எல்லாம் ஐரோப்பாவை நினைவூட்டும். கிட்டப் போய்ப் பாருங்கள். சுவர் செங்கல், பூச்சு சுண்ணாம்பு. முன்னால் வெயிலைத் தடுக்கும் ஆழமான விறாந்தை. கூரை, மரவளைகளின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டி இறுக்கிய தட்டைக் கூரை. பனி வழிந்து விழுவதற்காகச் சரித்துக் கட்டும் டென்மார்க் கூரை இந்த மண்ணுக்கு எதற்கு? வரைந்தவர் எவரானாலும் கட்டியது தமிழ்நாட்டு மேசன்மாரின் கை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு டேனிஷ் ஊர்: கலிபோர்னியாவில் சொல்வாங் என்று ஒன்று இருக்கிறது. 1911 இல் டேனிஷ் குடியேறிகள் அமைத்தது. தொடக்கத்தில் அதன் கட்டடங்கள் அக்கம்பக்கத்து ஊர்களில் இருப்பவை போலத்தான் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் மரச்சட்டம் பதித்த முகப்பும் காற்றாலைகளும் பெருகின. அந்தச் சட்டங்களில் பல சுவரைத் தாங்குபவை அல்ல, அலங்காரத்துக்கு ஒட்டியவை. அதைப் போலி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தங்கள் ஊர் எப்படித் தெரியவேண்டும் என்று அந்த ஊர்க்காரரே எடுத்த முடிவு அது. குழிப்பணியாரம் போன்ற ஏப்ள்ஸ்கீவரைச் சுட்டு விற்று, கடைத்தெருவைக் கலகலப்பாக வைத்திருக்கிறார்கள்.

தரங்கம்பாடியில் நடப்பது வேறு வேலை. இந்தியாவின் இன்டாக் மரபுப் பாதுகாப்பு அமைப்பு, டென்மார்க் தேசிய அருங்காட்சியகம், தமிழ்நாடு அரசு எனப் பலர் சேர்ந்து பழைய வீடுகளைச் சீர்செய்திருக்கிறார்கள். அதில் நான் பாராட்டுவது ஒன்றை: சீமெந்தைத் தள்ளிவைத்து மறுபடி சுண்ணாம்பைக் கையில் எடுத்தது. உப்புக் காற்றில் பழைய செங்கல் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடவேண்டும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே சிறைப்பட்டு, சில ஆண்டுகளில் பூச்சோடு செங்கல்லும் உதிரும். நம் கடற்கரைப் பழைய வீடுகளில் இதை யாரும் பார்க்கலாம்.

குறையும் சொல்லவேண்டும். ராஜவீதி மிகச் சுத்தம், மிக அமைதி. குடித்தனம் குறைந்த தெரு அப்படித்தான் இருக்கும். பொற்கொல்லர் தெருவில் திருத்திய சின்ன வீடுகளே எனக்கு மேலாகப்படுகின்றன. திண்ணையும் தூணும் பார்வைக்காக மட்டும் நிற்கவில்லை, அவற்றுக்குப் பின்னால் மனிதர் வாழ்கிறார்கள். டேனிஷ் ஊர் என்று பெயர் பெற்ற இடத்தில் இதுவும் மரபுதான் என்று தமிழர் தெருவுக்கும் பணம் செலவழித்தது சரியான முடிவு. அந்த ஊரில் இன்று நிற்பவற்றில் மிகப் பழையதே 1306 இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில்தான். அதன் முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமி தரங்கம்பாடியையும் நம்மையும் ஒரே காலையில் அடித்தது. அதன்பின் நாம் அவசரமாகச் சீமெந்துக் கல்லில் வீடு எழுப்பினோம். கூரையில்லாமல் நின்ற சனத்திடம் சுண்ணாம்பு பற்றிப் பேச முடியாது. ஆனால் கடல் தொடாமல் விட்ட ஓட்டு வீடுகளையும் இப்போது நாமே உடைத்துக் கொங்கிரீட் பிளேட் போடுகிறோமே, அதற்குச் சுனாமியைக் காரணம் சொல்ல முடியுமா?

போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆவுக்கு அந்த ஊரிலேயே பள்ளிவாசல் இருக்கிறது, ஆனால் கோட்டைக்குள் ஏறிப் பார்க்கவேண்டுமென்றால் வேறு நாளாகப் பார்த்துப் போங்கள்.