கருவில் இருதயம் உருவாகும் காலம்



பேராக், பினாங்கு, கெடா ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் சந்திக்கும் இடத்துக்கு அருகிலுள்ள இந்தப் பாரிட் புந்தாரில், கருவிலுள்ள சிசுவின் இருதயத்தைப் பற்றி ஆராயக் கூடியிருக்கும் இச்சபைக்குத் தலைமை தாங்கும் பேற்றை எனக்கு அளித்தமைக்கு என் வந்தனத்தைத் தெரிவித்துக்கொண்டு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கருவில் முதலில் தோன்றும் உறுப்பு எது என்ற சர்ச்சை மிகப் புராதனமானது. சுசுருத சம்ஹிதையின் சாரீர ஸ்தானத்தில், தலையே முதல் என்று சௌனகரும், இருதயமே முதல் என்று கிருதவீரியரும், நாபியே முதல் என்று பாராசரியரும் வாதிக்க, அங்கங்கள் யாவும் ஒருங்கே தோன்றுகின்றன, நுண்மையினாலேயே அவை புலப்படவில்லை என்று தன்வந்தரி முடிவு கூறுகிறார். கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டிலோ, அடைகாத்த கோழிமுட்டையை மூன்றாம் நாள் உடைத்துப் பார்த்து, ரத்தப் பொட்டொன்று துள்ளுவதைக் கண்டு எழுதி வைத்தார். முதலில் தொழில் தொடங்கும் உறுப்பு எது என்று கேட்டால், கிருதவீரியர் பக்கமே உண்மை இருக்கிறது என்பேன்.

கரு உண்டான மூன்றாம் வாரத்தில் இரு மெல்லிய குழல்கள் நெருங்கி ஒன்றாகி, அந்த ஒற்றைக் குழல் 22-ஆம் நாள் வாக்கில் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அதற்கு நான்கு அறைகளும் இல்லை, வால்வுகளும் இல்லை. பிறகு அக்குழல் வலப்புறமாக வளைந்து மடிய, கீழே கிடந்த மேலறைப் பகுதி பின்னோக்கி மேலேறித் தன் இடத்தை அடைகிறது. எட்டாம் வாரம் முடிவதற்குள் இடைச்சுவர்கள் எழும்பி அறைகளைப் பிரித்துவிடுகின்றன. எல்லாவற்றிலும் என்னை வியப்பில் ஆழ்த்துவது வெளிச்செல்லும் பெருங்குழலின் பிரிவினைதான். நரம்பு மண்டலம் உருவாகும் முதுகுப்புற விளிம்பிலிருந்து புறப்பட்டு வரும் உயிரணுக்கள் இருதயத்தை வந்தடைந்து, அக்குழலினுள் திருகு வடிவில் ஒரு சுவரெழுப்பி, மகாதமனி வேறு, நுரையீரல் தமனி வேறு என்று ஆக்குகின்றன. அச்சுவர் திருகாமல் நேராக இறங்கினால் இரு தமனிகளும் இடம் மாறிவிடுகின்றன. சற்றே முன்னோக்கி விலகினால், நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகி, கீழறைகளுக்கிடையே துவாரம் நின்று, 1888-இல் மார்செய் நகரத்து ஃபலோ விரிவாக விளக்கிய நாற்குறை நோய் உண்டாகிறது.

உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஏதேனும் ஓர் இருதயக் குறை இருக்கிறது. இந்த வட்டாரத்தார் ஃபலோ குழந்தையை மருத்துவர் பெயரிடுமுன்பே அறிந்திருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் பையன் பாதி வழியில் குந்தி உட்கார்ந்துவிடுவான். உதடு நீலம் பாரித்திருக்கும், விரல் நுனிகள் உருண்டு தடித்திருக்கும். சோம்பேறி என்று ஏசுவோரும் உண்டு. அவன் செய்வதோ, யாரும் கற்பிக்காமலே தன் உடல் கண்ட வைத்தியம்: குந்தும்போது கால் தமனிகள் மடங்கி உடம்பின் பக்கம் அழுத்தம் கூட, ரத்தம் துவாரத்தின் வழி திசைமாறாமல் நுரையீரலை நோக்கிச் செல்கிறது. இத்தகைய குழந்தைகளுக்கு வழி பிறந்தது 1944 நவம்பர் 29 அன்று, அமெரிக்காவின் பால்டிமோரில். செவிப்புலன் குன்றியதால் விரல்களாலேயே குழந்தைகளின் நெஞ்சை ஆராயப் பழகிய ஹெலன் டௌசிக் அம்மையார் யோசனை சொல்ல, அறுவைக்காரர் பிளேலாக் கத்தியெடுக்க, மருத்துவப் பட்டம் பெற வாய்ப்பில்லாத கறுப்பின உதவியாளர் விவியன் தாமஸ், தாம் நாய்களிடம் செய்து தேர்ந்த முறையைப் பின்னின்று ஒவ்வொரு தையலுக்கும் எடுத்துச் சொன்னார். அந்த மூன்றாமவர் பெயரை உலகம் நெடுங்காலம் சொல்லாதிருந்தது எனக்கு ஆறாத வருத்தம். இன்று நம் நாட்டில், 1992-இல் கோலாலம்பூரில் நிறுவப்பெற்று ஐ.ஜே.என். என்று எல்லோராலும் அழைக்கப்படும் தேசிய இருதய நிலையத்தில் இத்தகைய சிகிச்சைகள் நடைபெறுகின்றன.

ஆனால் சபையோர்களே, இந்த ஆராய்ச்சியிலிருந்து நாம் கொள்ளவேண்டிய கவலை வேறு. நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகும்போதே சிசுவின் இருதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. முழுகாமல் இருப்பதாக மாமியாரிடம் சொல்லி, கிளினிக்கில் பெயர் பதியும் நேரத்தில் அதன் சுவர்கள் பெரும்பாலும் எழும்பி முடிந்திருக்கின்றன. ஆகவே கர்ப்பகாலப் பராமரிப்பு என்று நாம் சொல்வது, இருதயத்தைப் பொறுத்தமட்டில், காலம் கடந்த பராமரிப்பாகிவிடுகிறது. 1941-இல் சிட்னியின் கண் மருத்துவர் கிரெக், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஜெர்மன் அம்மை கண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் கண்புரையோடு இருதயக் குறையும் இருப்பதைக் கண்டுரைத்தார். மலேசியா 1988-இல் பள்ளி மாணவியருக்கு அந்நோய்க்கான தடுப்பூசியைத் தொடங்கியது, கருவுறுமுன்பே காக்கும் விவேகத்துக்கு நல்ல நிதர்சனம். அதே விவேகம் நீரிழிவு விஷயத்திலும் வேண்டும்: சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் கருவுறும் பெண்ணின் குழந்தைக்கு ஆபத்து பன்மடங்காகிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கமும் சில குறைகளின் சாத்தியத்தை உயர்த்துகிறது என்பதை, பந்தங்களின் அருமை தெரிந்தவனாகவே, இங்கே மறைக்காமல் சொல்கிறேன்.

பிறந்தபின் நமக்குக் கிடைக்கும் அவகாசமும் சொற்பமே. கருப்பைக்குள் நுரையீரலுக்கு வேலையில்லையாதலால், ரத்தம் மேலறைச் சுவரின் துவாரம் வழியாகவும், நுரையீரல் தமனியை மகாதமனியோடு இணைக்கும் நாளத்தின் வழியாகவும், புக்கிட் மேரா அணைத் தண்ணீரை 1906 முதல் கிரியான் வயல்களுக்குத் திருப்பிவிடும் மதகைப்போல, ஒதுக்கித் திருப்பப்படுகிறது. முதல் அழுகையோடு துவாரம் அடைபட, நாளமும் ஓரிரு நாளில் சுருங்கிவிடுகிறது. அந்நாளத்தையே நம்பி உயிர்வாழும் குறையுள்ள குழந்தை, முதல் நாள் செக்கச்செவேலென்று இருந்து, வீட்டுக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள், பால் குடிக்க முயன்று நிறுத்தி, நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, நீலம் பாய்கிறது. சீர் தட்டுகிறது என்றும் தோஷம் என்றும் சொல்லி மந்திரிக்கத் தூக்கிச் செல்லும் அந்த அரைநாள்தான் உயிரைக் கொண்டுபோகிறது.

இதற்கான கருவி நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜப்பானியரான தக்குவோ ஆவோயாகி 1970-களில் கண்ட தத்துவத்தால் இயங்கும் சிறு ஆக்சிமீட்டரை, பிறந்து 24 மணி கழித்து, குழந்தையின் வலக்கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்த்து, அளவு 95 விழுக்காட்டுக்குக் குறைந்தாலோ, கைக்கும் காலுக்கும் மூன்று விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி அளந்தும் அப்படியே இருந்தால் மேற்பரிசோதனைக்கு அனுப்புவதே முறை; 90-க்குக் கீழானால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. எல்லாக் குறைகளையும் இது பிடித்துவிடாது. ஆயினும் மிகக் கொடியனவற்றில் பலவற்றைப் பிடிக்கும். ஆதலால் முதல் அமர்வில் பேராசிரியர்களின் கட்டுரைகளுக்கு முன்பாக, கம்பத்து கிளினிக்குகளின் மிஸ்ஸிமாரும் தாதியரும் எழுந்து, தங்களிடம் ஆக்சிமீட்டர் இருக்கிறதா, குழந்தையை இருபத்துநான்கு மணி நேரம் வைத்துப் பார்க்க முடிகிறதா, ஈப்போவுக்கோ பினாங்குக்கோ இரவில் அனுப்ப வண்டி கிடைக்கிறதா என்பதைச் சபைக்குச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.