மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் நோவாசார்

புயல் கரையைக் கடக்கும் நாளில் விண்ணிலிருந்து பூமியைப் படம் எடுத்தால் மேகம்தான் தெரியும். எந்தெந்த ஊரில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டிய நேரத்தில் கேமராவால் பயன் இல்லை. ரேடார் அப்போதும் பார்க்கும். தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைவதால், மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. தேங்கிய நீர்ப்பரப்பு அலைகளை வேறு திசைக்குத் திருப்பிவிடும். அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். வெள்ளம் எதுவரை போயிருக்கிறது என்பதை அதை வைத்தே வரையலாம்.

ஆனால் ரேடார் செயற்கைக்கோள் என்றாலே பெரிய எடை, பெரிய செலவு. 2014இல் ஐரோப்பா ஏவிய சென்டினல்-1 இரண்டு டன்னுக்கும் மேல். இதை மாற்ற முடியும் என்று நம்பியது இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரிலுள்ள சர்ரே சேட்டிலைட் டெக்னாலஜி நிறுவனம். பிரிட்டிஷ் அரசு 2011இல் 2.1 கோடி பவுண்டு தர முன்வந்தது. அப்படிப் பிறந்த நோவாசார், 2018 செப்டம்பர் 16 இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறியது. எடை 445 கிலோதான்.

எதை விட்டுக்கொடுத்து இதைச் சாதித்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய பாடம். விண்ணில் விரியும் ஆன்டெனா கிடையாது. 3 மீட்டர் நீள ஆன்டெனா ஒரு பக்கம், சூரியத் தகடு மறுபக்கம், இரண்டும் உடலோடு ஒட்டியவை. ரேடார் மின்சாரத்தை ஏராளமாக விழுங்கும் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடங்கள் மட்டுமே இயங்கும். துல்லியத்திலும் பேராசை இல்லை, 6 மீட்டர் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். வெள்ளத்தையும் காட்டழிப்பையும் கண்டறிய அது போதும்.

கடலுக்கென்று தனி முறையே வைத்தார்கள். ஒரே வீச்சில் 400 கிலோமீட்டர் அகலத்தைப் பார்க்கும். கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தை அறிவிக்கும் சமிக்ஞைகளையும் அதே செயற்கைக்கோள் கேட்கும். ரேடாரில் கப்பல் தெரிகிறது, அதனிடமிருந்து சமிக்ஞை இல்லை என்றால், திருட்டுத்தனமாக மீன் பிடிக்கிறதோ என்று கடலோரக் காவல் படை போய்ப் பார்க்கலாம்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, இந்தச் செயற்கைக்கோளைப் பங்கிட்டுக்கொண்ட விதத்தைத்தான். ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு அமைப்பு இதன் நேரத்தில் 10 சதவீதத்தை வாங்கியது. ஆண்டுதோறும் புயலில் அடிபடும் பிலிப்பைன்ஸும் பங்கு எடுத்துக்கொண்டது. சொந்தமாக ரேடார் செயற்கைக்கோள் வைத்திராத நாடு, தன் கடற்கரையில் எந்த இடத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று தானே கேட்டு வாங்க முடிகிறது.