ஆங்கில வகுப்பில் பேச்சும் பண்பும்



நம் தமிழ்ப்பள்ளி மாணவர்க்குத் தமிழ் பயிற்றுமொழி. மலாய் தேசிய மொழி. ஆங்கிலம் இவற்றோடு உடன் கற்கும் மொழி. அதனை எங்ஙனம் கற்பிப்பது என்னும் வினா இந்நாட்டிற்குப் புதிதன்று. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. 1975இல் நான்காம், ஐந்தாம் படிவங்களுக்கு வகுத்த ஆங்கிலப் பாடத்திட்டம், இலக்கணக் கூறுகளை வரிசைப்படுத்துவதை விடுத்து, மொழியால் நிறைவேற்றும் செயல்களை அடிப்படையாகக் கொண்டது. கருத்துப் பரிமாற்ற அணுகுமுறையின் முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம், வரைபடம், நேர அட்டவணை முதலியவற்றைக் கொண்டு மாணவரைச் சிந்திக்கச் செய்தது. உள்ளம் பொருளில் ஈடுபடும்போது மொழியின் அமைப்பு தானே படியும் என்பது அவர் துணிபு. பிரிக்பீல்ட்ஸ் மாணவர்க்கு இது எளிது. கேஎல் சென்ட்ரல் அருகிலேயே உள்ளது. ஒருவர் கையில் கொமுட்டர் நேர அட்டவணை. கிள்ளானில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்பது மற்றவருக்கே தெரியும். இருவரும் ஆங்கிலத்தில் வினவி விடையளித்தாலன்றி எந்த வண்டியில் ஏறுவது என்று முடிவு செய்ய இயலாது.

எனினும், பேச வைத்தால் மட்டும் போதுமா? யாரிடம், எவ்விடத்தில், எவ்வாறு பேசுவது என்று அறிதலும் மொழித்திறனே என்றார் டெல் ஹைம்ஸ். 'தண்ணீர் கொடுங்கள்' என்கிறோம். வினையின் ஈற்றிலேயே மரியாதை அடங்கிவிடுகிறது. மலாயில் 'தோலோங்' முன்வந்து பணிவைக் காட்டுகிறது. ஆங்கில வினைக்கு அத்தகைய மரியாதை விகுதி இல்லை. அங்கே வேண்டுகோள் பெரும்பாலும் வினா வடிவம் கொள்கிறது: 'குட் ஐ ஹேவ் சம் வாட்டர்?' நம் மாணவர் 'கிவ் மீ வாட்டர்' என்கிறார். இலக்கணத்தில் பிழையில்லை, உள்ளத்தில் பணிவும் உண்டு. கேட்பவர் செவியிலோ அது கட்டளையாக விழுகிறது. 'பிளீஸ்' சேர்த்தாலும் கட்டளைச் சாயல் முற்றும் நீங்குவதில்லை. பண்புடைய பிள்ளை, நாளை நேர்முகத் தேர்வில் பண்பற்றவர் எனக் கருதப்பட நேரும்.

ஆகவே, ஆசிரியர்களே, ஆங்கில வகுப்பிலிருந்து தமிழை முற்றும் விலக்க வேண்டா. 'இதனைத் தம்பியிடம் எப்படிக் கேட்பாய், தலைமையாசிரியரிடம் எப்படிக் கேட்பாய்?' என்று முதலில் தமிழில் வினவுங்கள். வேறுபாட்டை மாணவர் நொடியில் சொல்வர். அவ்வேறுபாட்டை ஆங்கிலம் எவ்வாறு காட்டுகிறது என்பதை அடுத்து விளக்கி, அதன்பின் உரையாட விடுங்கள். தாய்மொழியில் அறிந்த பண்பே பிறமொழிப் பண்பிற்கு வழிகாட்டும்.