யூபிலி ஆண்டும் நம் வீட்டுக் கடனும்

(பங்கின் பொன்விழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில், பங்கின் வின்சன்ட் டி போல் சபைச் செயலாளர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய பெரியோர்கள் நமது ஆலயம் எழுந்த வரலாற்றையும், கடலில் உழைத்த கைகள் கல் சுமந்து கட்டிய கதையையும் எடுத்துரைத்தார்கள். எனக்குத் தரப்பட்ட பொருள், "இன்றைய வாழ்க்கைச் சுமையும் நமது விசுவாசமும்" என்பதாகும். எல்லாச் சுமைகளையும் இறக்கி வைத்துப் பேச இன்றைய மாலைப் பொழுது போதாது. ஆகவே ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். அது கடன்.

விழா நாளில் கடனைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். யூபிலி விழாவில் பேசுவதற்குக் கடனை விடப் பொருத்தமான பொருள் வேறில்லை என்பதே என் எண்ணம். யூபிலி என்ற சொல்லே ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழு ஏழாண்டுகள் கழிந்து ஐம்பதாம் ஆண்டு வந்ததும், பாவப் பரிகார நாளில் நாடெங்கும் எக்காளம் ஊதப்பட வேண்டும். வறுமையால் விற்கப்பட்ட காணி உரியவனிடம் திரும்ப வேண்டும். கடனுக்காக அடிமைப்பட்டவன் தன் குடும்பத்தோடு வீடு திரும்ப வேண்டும். கொடிக்கும் தோரணத்துக்கும் அங்கே கட்டளை இல்லை. ஏழை எழுந்து நிற்க வேண்டும் என்பதற்கே கட்டளை இருக்கிறது.

அன்பார்ந்தோரே, 2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு ஏப்பிரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று நமது நாடு அறிவித்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்தது. எரிவாயுவுக்கும், பெற்றோலுக்கும், பால்மாவுக்கும் வரிசையில் நின்றோம். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாகியது. அதாவது, முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு ஏறக்குறைய 170 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. உழைப்பின் கூலி அவ்வாறு ஏறவில்லை.

கடற்றொழிலாளர் குடும்பங்களுக்கு மிகப் பெரிய அடி ஓகஸ்ட் மாதத்தில் விழுந்தது. ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 20 லீற்றர் எண்ணெயோடு வள்ளத்தைத் தள்ளுபவருக்கு 1,740 ரூபா செலவானது, மறுநாள் 6,800 ரூபாவாயிற்று. வலையில் மீன் விழுமா, விழாதா என்று யாருக்குத் தெரியும்? வெறுங்கையோடு கரை திரும்பினால் அந்தப் பணமும் கடன். ஏற்கெனவே எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளால் வலைகளை இழந்து நின்றவர்களின் தலையில் இதுவும் ஏறியது. தொழிலுக்குப் போனாலும் நட்டம், போகாவிட்டாலும் பட்டினி.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் உதவிக்கு ஒப்புதல் அளித்தது. வரிசைகள் மறைந்தன. 2022இலும் 2023இலும் சுருங்கிய நாட்டின் பொருளாதாரம் 2024இல் மீண்டும் வளர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது.

"பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள், எங்கள் வீட்டுச் செலவு ஏன் குறையவில்லை?" என்று தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பணவீக்கம் குறைந்தது என்றால், விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது என்று பொருளல்ல. 100 ரூபா 170 ரூபாவாகி, அங்கேயே நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் 340இலிருந்து இறங்கியது உண்மை. ஆனால் 87க்குத் திரும்பவில்லை. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவு உயர்ந்தது. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாகியது. 2021ஆம் ஆண்டுக்கும் 2022ஆம் ஆண்டுக்கும் இடையில் நாட்டின் வறுமை இரு மடங்காகி, ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வறியவரானார் என்று உலக வங்கி கணித்தது. அப்படி வீழ்ந்தவர்கள் எழுந்து நிற்பது சுட்டெண் இறங்கும் வேகத்தில் நடப்பதில்லை. எழத் தொடங்கியவர்களையும் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பல மாவட்டங்களில் மறுபடியும் கீழே தள்ளியது.

தட்டுப்பாடு நமக்குப் புதியதல்ல. 1970களில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள் இம்மண்டபத்தில் இருக்கிறார்கள். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கேற்றிப் படித்தவர்கள் இங்கே பலர். அன்றைய வறுமையில் ஒரு துணை இருந்தது. கடையில் பொருள் இல்லை, எவருக்கும் இல்லை. இருந்ததைப் பகிர்ந்தோம். ஒரு வீட்டுக் கூழில் மூன்று வீடு பசியாறியது. 2022இலும் வரிசையில் நின்றபோது முன்னால் நிற்பவரோடு பேசினோம், பின்னால் நிற்பவருக்கு இடம் பிடித்து வைத்தோம்.

இப்போது கடைகள் நிறைந்திருக்கின்றன. கையில்தான் காசு இல்லை. வரிசை கலைந்துவிட்டது, கஷ்டம் கலையவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்குள் தனித்தனியே கஷ்டப்படுகிறோம். அயல் வீட்டவர் எழுந்துவிட்டார், நான் மட்டும் எழவில்லை என்று ஒவ்வொருவரும் வெட்கப்படுகிறோம். மீட்சிக் காலத்தின் துன்பம் இதுதான்.

வின்சன்ட் டி போல் சபையில் வேலை செய்யும் நாங்கள் இதைக் கண்கூடாகக் காண்கிறோம். முன்பு பகலில் வந்து உதவி கேட்டவர்கள் இப்போது இருட்டிய பின் வருகிறார்கள். சிலர் வருவதேயில்லை. பூசைக்கும் வருவதில்லை. விசாரித்தால், கடன் கொடுத்தவர் கோயில் வாசலில் நிற்பார் என்ற பயம் என்கிறார்கள். தாலிக்கொடி அடைவில் இருப்பதால் திருமண வீட்டுக்குப் போகாத பெண்கள் இருக்கிறார்கள். 2022இல் வட்டி வீதங்கள் ஏறியபோது நகையை அடைவு வைத்து, வட்டி கட்டிக் கட்டி முதலைத் தொட முடியாமற் போனவர்கள் பலர். இன்னும் பலர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். 2022இல் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டைவிட்டு வேலைக்குப் போனார்கள். அந்தப் பயணச் செலவும் பெரும்பாலும் கடன்தான்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடன் எல்லாம் வங்கியிலும் கம்பனியிலும் வாங்கியதல்ல. நமது பங்கிலேயே வட்டிக்குக் கொடுப்போர் இருக்கிறார்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே நற்கருணைப் பந்தியில் முழந்தாளிடுகிறார்கள். கொடுத்தவர்கள் எல்லாரும் செல்வந்தர் என்றும் நான் சொல்லமாட்டேன். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சிறு தொகையைக் கொடுத்து, அந்த வட்டியில் மருந்து வாங்கும் விதவைத் தாயும் அவர்களுள் ஒருவர். அவரிடம் போய் முதலையும் விட்டுவிடு என்று சொல்வது நீதியாகாது.

ஆனால் இரண்டு காரியங்களை எண்ணிப் பாருங்கள். நமது நாட்டுக்குக் கடன் கொடுத்த அரசுகளும் வெளிநாட்டு முதலீட்டாளரும் 2024இல் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தவணையை நீட்டினார்கள். பிணைமுறி வைத்திருந்தோர் தமக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளவும் சம்மதித்தார்கள். அவர்களுக்கு நம்மைத் தெரியாது. இலாபத்தையே கணக்குப் பார்ப்பவர்கள் அவர்கள். இறுக்கிப் பிடித்தால் எதுவும் வராது என்று கண்டு இடம் கொடுத்தார்கள். இலங்கைக்குக் கிடைத்த தவணை நமது ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய்க்குக் கிடைக்கக் கூடாதா?

இரண்டாவது, திருமறை கற்பிப்பது. இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் ஈடு வாங்குவதற்கு ஒழுங்குகள் உண்டு. மாவரைக்கும் திரிகைக் கல்லை ஈடாக வாங்கக் கூடாது. அது அந்த வீட்டின் உயிர். ஈட்டை எடுக்கக் கடன்காரனின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். ஏழையின் போர்வையை ஈடாக வாங்கியிருந்தால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்ன நுட்பமான இரக்கம்! கடனைக் கேட்கும் உரிமையை ஆண்டவர் மறுக்கவில்லை. கேட்கும்போது அவனுடைய தொழிலையும் மானத்தையும் தொடாதே என்கிறார். நமது ஊரில் வள்ளத்தின் இயந்திரமும் வலையும், தையற்காரப் பெண்ணின் தையல் இயந்திரமும்தான் அந்தத் திரிகைக் கல். வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்துவது, வீட்டுக்குள் நுழைவதற்கு ஒப்பானதே.

2024 டிசம்பர் 24 தொடங்கி 2026 சனவரி 6 வரை திருச்சபை யூபிலி ஆண்டைக் கொண்டாடியது. அதை அறிவித்த மடலில் திருத்தந்தை பிரான்சிஸ், திருப்பிச் செலுத்த இயலாத ஏழை நாடுகளின் கடனை மன்னிக்குமாறு செல்வந்த நாடுகளைக் கேட்டுக்கொண்டார். நாடுகளைப் பார்த்துச் சொன்னது வீடுகளுக்குப் பொருந்தாதா? தினமும் நாம் சொல்லும் கர்த்தர் கற்பித்த செபத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் மன்னிப்புக் கேட்குமிடத்தில் உள்ள சொல்லின் நேர்ப்பொருளும் கடன் என்பதே.

ஆகவே இப்பொன்விழா ஆண்டில் மூன்று காரியங்களை நம் பங்கு செய்ய வேண்டுமென்று பணிவோடு கேட்கிறேன்.

முதலாவது, பங்குக்குள் வட்டிக்குக் கொடுத்தவர்கள் இவ்விழா ஆண்டு முடியுமட்டும் வட்டியை நிறுத்தி, முதலைச் சிறு தவணைகளாக வாங்கிக்கொள்ள வேண்டும். பங்குத் தந்தையின் முன்னிலையில் இருபகுதியாரும் இருந்து பேசலாம். வாங்கியவருக்கும் கடமை உண்டு. ஒளிந்து திரியாமல் வந்து, மாதம் 500 ரூபாவாயினும் கொடுக்க வேண்டும். முகங்கொடுத்துப் பேசினாலே கடனின் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இரண்டாவது, நமது வட்டாரத்தில் உறங்கிக் கிடக்கும் சிக்கனக் கடனுதவுச் சங்கத்தை மீண்டும் எழுப்ப வேண்டும். இன்று சிறுகச் சேர்ப்பவர், நாளை அவசரத்துக்குக் குறைந்த வட்டியில் பெறலாம். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அக்கடன்கள் குடும்பங்களை நெருக்கின. சொந்தச் சேமிப்பு இல்லாத இடத்தில்தான் அத்தகைய கடன் வாசலுக்கு வருகிறது.

மூன்றாவது, நமது கொண்டாட்டங்கள். முதல்நன்மைக்கு உடுப்பும் விருந்தும் படப்பிடிப்பும் என்று கடன்படுகிறோம். அயலவர் செய்தார், நாம் செய்யாவிட்டால் பிள்ளை குறைந்துவிடும் என்று தாய் பயப்படுகிறாள். இம்முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதமான எளிய வெள்ளை உடுப்பு, பூசை முடிந்ததும் இம்மண்டபத்தில் எல்லாருக்கும் பொதுவான காலை உணவு என்று வைப்போம். வசதியுள்ளவரே இதற்கு முதலில் இணங்க வேண்டும். அப்போதுதான் வசதியில்லாதவர் வெட்கப்படமாட்டார்.

1687ஆம் ஆண்டில் புனித யோசேப்வாஸ் அடிகளார் யாழ்ப்பாணக் கரையில் வந்து இறங்கியபோது கூலியாளின் கோலத்தில்தான் வந்தார். நமது முன்னோரின் விசுவாசத்தைக் காத்தவரே வறியவரின் உடுப்பில் வந்தார் என்றால், வறுமை நமக்கு ஏன் அவமானமாக வேண்டும்?

வாணவேடிக்கைக்கென ஒதுக்கிய பணத்தை அந்தச் சங்கத்தின் முதல் வைப்பாக இடலாம் என்பது எனது தனிப்பட்ட யோசனை. அதைப் பங்குச் சபை தீர்மானிக்கட்டும். ஐம்பது ஆண்டுகள் நமது ஆலய மணி நம்மைச் செபத்துக்கு அழைத்திருக்கிறது. திருநாளன்று அது ஒலிக்கும்போது, இப்பங்கில் ஒரு குடும்பமாவது, "இன்று முதல் வட்டி இல்லை, பூசைக்கு வாருங்கள்" என்ற செய்தியைக் கேட்டு நிம்மதியாகக் கோயிலுக்கு வரட்டும். பொன்விழாவுக்கு அதைவிட வேறு அலங்காரம் வேண்டாம். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.