கணையமும் 48 மணி நேரமும்

கணையம் திடீரென வீங்கினால் மேல்வயிற்று வலி முதுகு வரை பாயும்; ரத்தத்தில் அமைலேஸ், லிப்பேஸ் என்ற நொதிகள் எகிறும். ‘ஆயிரத்தைத் தாண்டிடுச்சே’ என்று வீட்டார் பதறுவார்கள். அந்த எண் நோயைக் காட்டிக்கொடுக்குமே தவிர, எவ்வளவு முற்றும் என்று சொல்லாது. நோய் எவ்வளவு முற்றும் என்று கணிக்க 1974இல் மருத்துவர் ரான்சன் வகுத்த 11 குறிகளில் இந்த நொதிகள் இரண்டுமே கிடையாது. அந்தக் குறிகளில் 5 மருத்துவமனையில் சேர்க்கும்போதே பார்ப்பவை. மீதி 6 தெரிய 48 மணி நேரமாகும். அதுவரை கைகட்டி நிற்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யூரியா, வயது, மனக்குழப்பம், நெஞ்சுக்கூட்டில் நீர், உடல் முழுதும் பரவும் அழற்சி ஆகிய ஐந்தை வைத்து 24 மணி நேரத்துக்குள் கணிக்கும் ‘பைசாப்’ முறை 2008இல் அதற்காகவே வந்தது. ஆனாலும் இந்தக் கணக்குகள் ‘தேறிவிடுவார்’ என்பதில் கெட்டி. ‘மோசமாவார்’ என்பதில் சுமார்தான். நுரையீரல், சிறுநீரகம் போன்ற ஏதேனும் உறுப்பு தளர்ந்து 48 மணி நேரம் தாண்டியும் மீளாவிட்டால்தான் நோய் கடுமையானது என்கிறது 2012ஆம் ஆண்டின் அட்லாண்டா வகைப்பாடு. சலைன் ஏற்றுவதும், மூச்சையும் சிறுநீர் அளவையும் கவனிப்பதும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.